சுவீடிஷ் குரோனாவும் டேனிஷ் குரோனேயும்: பழைய மாற்று விகிதங்களைத் தேடிக் கணக்கிடும் முறை

1910-ஆம் ஆண்டில் ஆயிரம் டேனிஷ் குரோனேயுடன், டென்மார்க்கையும் சுவீடனையும் பிரிக்கும் எரெசுன் நீரிணையைக் கடந்து மால்மோவுக்குப் போனவர், அங்கே அதை ஆயிரம் சுவீடிஷ் குரோனாவாகவே செலவழித்திருப்பார். 1955-இல் அதே ஆயிரத்துக்கு ஏறத்தாழ 749 சுவீடிஷ் குரோனாதான் கிடைத்திருக்கும். 2023 செப்டம்பரிலோ 1,590-ஐ ஒட்டிய தொகை கிடைத்தது. நாணயங்களின் பெயர் மாறவில்லை, இரண்டிலும் பூஜ்யங்கள் வெட்டப்படவும் இல்லை. ஆனாலும் அவற்றுக்கு இடையிலான உறவு நூறு ஆண்டுகளில் ஒரு முறை இறங்கி, மீண்டும் ஏறி, தொடங்கிய இடத்தையும் தாண்டிச் சென்றிருக்கிறது.

பழைய நாணய மாற்று விகிதங்களை ஆராயத் தொடங்கும் ஒருவருக்கு இந்த இணையைவிட நல்ல பயிற்சிக்களம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டாலரும் பவுண்டும் என்றால் எண்கள் எங்கும் கிடைக்கும். அவை எப்படி உருவாயின என்று யோசிக்காமலே எடுத்து எழுதிவிடலாம். சிறிய நாணயங்கள் இரண்டை எடுத்துக்கொண்டால் அந்த வசதி இல்லை. பல காலகட்டங்களுக்கு நேரடி விகிதத்தைத் தேடி அலைவதைவிட நாமே கணக்கிட்டுக்கொள்வதுதான் எளிது. அப்படிக் கணக்கிடும்போது, ஒரு பழைய விகிதத்தை எடுத்தாளும் முன் அது யார் நிர்ணயித்த விகிதம், எந்தத் திட்டத்தின் கீழ் பிறந்தது என்று கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். பொன்னின் எடையால் பிறந்த விகிதமும், அமைச்சரவை முடிவால் பிறந்த விகிதமும், சந்தையில் நொடிக்கு நொடி மாறும் விகிதமும் அட்டவணையில் ஒரே மாதிரித்தான் தெரியும். அவற்றை ஒரே விதமாகக் கையாள முடியாது.

பழைய கடிதங்களையும் சொத்துப் பத்திரங்களையும் படிக்கும் குடும்ப வரலாற்று ஆர்வலர்களுக்கும், 2000 ஜூலையில் எரெசுன் பாலம் திறக்கப்பட்ட பிறகு மால்மோவில் குடியிருந்து கோபன்ஹேகனில் சம்பளம் வாங்குவோருக்கும், டென்மார்க்கின் ஹெர்னிங், பிராண்டே பக்கம் வேரூன்றிச் சுவீடனில் உறவினரை வைத்திருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு நாளில் தேவைப்படலாம்.

முதல் படி: பெயரையும் திசையையும் உறுதிசெய்தல்

சுவீடனின் நாணயம் குரோனா, டென்மார்க்கினுடையது குரோனே, நார்வேயினுடையதும் குரோனே. மூன்று நாட்டுக் கடைகளிலும் விலைச்சீட்டில் ‘கேஆர்’ என்ற ஒரே சுருக்கம்தான் இருக்கும். எனவே பழைய ரசீதிலோ கடிதத்திலோ ‘300 கேஆர்’ என்று கண்டால், அது எந்த நாட்டில், எந்த நாட்டு வங்கியின் பெயரில் எழுதப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பன்னாட்டுக் குறியீடுகளில் சுவீடனுக்கு எஸ்இகே, டென்மார்க்குக்கு டிகேகே, நார்வேக்கு என்ஓகே என்று வேறுபாடு உண்டு. உங்கள் அட்டவணையில் தொடக்கம் முதலே அவற்றைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது திசை. டென்மார்க்கின் மத்திய வங்கியான டான்மார்க்ஸ் நேஷனல்பேங்க், 100 அலகு அயல்நாணயத்துக்கு எத்தனை டேனிஷ் குரோனே என்றே விகிதத்தை வெளியிடுகிறது. சுவீடன் தரப்புத் தொடர்களில் ஒரு டேனிஷ் குரோனேக்கு இவ்வளவு என்றும், நூறுக்கு இவ்வளவு என்றும் இருவகையும் கண்ணில் படும். ஆக, ஓர் இடத்தில் 65 என்றும், இன்னோர் இடத்தில் 1.54 என்றும், மற்றொன்றில் 154 என்றும் இருக்கலாம். மூன்றும் ஒரே விகிதம்தான். ஒன்றை 0.65-ஆல் வகுத்தால் 1.538 வரும் என்பதைக் கால்குலேட்டரில் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் ‘100 டேனிஷ் குரோனேக்கு எத்தனை சுவீடிஷ் குரோனா’ என்ற ஒரே திசையில் எழுதுகிறேன். நீங்களும் ஒரு திசையைத் தேர்ந்து, நடுவில் மாற்றாதிருங்கள்.

கோப்பைத் தரவிறக்கும்போது இன்னொரு சிறு கவனம் தேவை. நார்டிக் நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். 74,90 என்பது அங்கே எழுபத்து நான்கு புள்ளி ஒன்பது. எக்செல் அதை ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூறாகவோ வெறும் எழுத்துத் தொடராகவோ எடுத்துக்கொள்ளக்கூடும். தேதியிலும் சுவீடன் ஆண்டை முன்னே வைக்கும், டென்மார்க் நாளை முன்னே வைக்கும். இரண்டு கோப்புகளை ஒட்டுவதற்கு முன் முதல் பத்து வரிகளைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுவது, பிறகு பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: உங்கள் தேதி எந்தக் காலத்தில் விழுகிறது?

வேலையின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இருக்கிறது. எண்ணைத் தேடுவதற்கு முன் காலத்தைத் தேடுங்கள்.

1873 மே மாதத்தில் சுவீடனும் டென்மார்க்கும் ஒரு நாணய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நார்வே 1875-இல் சேர்ந்துகொண்டது. ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியம் என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு கிலோ சுத்தப் பொன்னிலிருந்து 2,480 குரோனர் (குரோனேயின் பன்மை) என்பது மூன்று நாடுகளுக்கும் பொதுவான அளவு. 1913-ஐ ஒட்டிய காலத்து இருபது குரோனர் பொற்காசு டேனிஷ் ஒன்றையும் சுவீடிஷ் ஒன்றையும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் இரண்டும் 8.96 கிராம் காட்டும். இரண்டிலும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு பொன். அதாவது காசுக்கு 8.06 கிராம் சுத்தப் பொன். அரசரின் முகம் வேறு, எழுத்து வேறு, எடை ஒன்று. இந்தக் காலத்து மாற்று விகிதத்துக்கு அட்டவணை எதுவும் வேண்டியதில்லை. நூறுக்கு நூறு. ஒரு நாட்டுக் காசு மற்ற நாட்டிலும் சட்டப்படி செல்லுபடியானது. நோட்டுகளையும் மத்திய வங்கிகள் சமமதிப்பில் ஏற்கும் வழக்கம் 1901-க்குள் மூன்று நாடுகளுக்கும் விரிந்தது.

அதற்கு முந்தைய ஆவணம் உங்கள் கையில் இருந்தால், நாணயத்தின் பெயரே வேறாக இருக்கும். சுவீடனின் ரிக்ஸ்டாலர் ஒன்று ஒரு குரோனாவாக மாற்றப்பட்டது. டென்மார்க்கின் ரிக்ஸ்டாலர் ஒன்று இரண்டு குரோனர் ஆனது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, மதிப்பு இரட்டிப்பு வேறுபாடு. டென்மார்க் 1813 ஜனவரியில் அரசு திவாலாகி நாணயத்தையே மாற்றிய நாடு என்பதால், அதற்கும் முந்தைய தொகைகளைத் தொடக்கநிலையில் தொடாமல் விடுவதே நல்லது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மூன்று நாடுகளும் நோட்டுக்குப் பொன் தருவதை நிறுத்தின. அன்றிலிருந்து சமமதிப்பு சட்டத்தில் இருந்தது, சந்தையில் இல்லை. ஏற்றுமதி பெருகிய சுவீடனின் குரோனா மற்ற இரண்டையும்விட உயர்ந்து நின்றது. காசுகளோ உடன்படிக்கைப்படி இன்னும் சமம். ஆகவே டென்மார்க், நார்வே நாடுகளின் காசுகள் சுவீடனை நோக்கி ஓடின. மலிவான இடத்தில் வாங்கி, முழு மதிப்பு கிடைக்கும் இடத்தில் செலவழிப்பது யாருக்கும் புரியும் கணக்குத்தானே. 1924-இல்தான் ஒருவர் காசு மற்றவரிடம் செல்லாது என்று முறைப்படி முடிவானது. எனவே, ‘ஒன்றியம் 1924 வரை இருந்தது, அதனால் 1920-இன் விகிதமும் நூறுக்கு நூறுதான்’ என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 1914 முதல் 1924 வரையிலான ஆண்டுகளுக்குச் சந்தை விகிதத்தையே தேட வேண்டும்.

சுவீடன் 1924 ஏப்ரலில் பழைய மதிப்பிலேயே பொன் திட்டத்துக்குத் திரும்பியது. டென்மார்க் 1927-இன் தொடக்கத்தில் திரும்பியது. பிரிட்டன் பொன்னைக் கைவிட்ட 1931 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில் இரண்டும் மீண்டும் வெளியேறின. ஆக, 1927 முதல் 1931 வரை மறுபடியும் நூறுக்கு நூறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

1933-இலிருந்து அரசியல் முடிவுகளின் காலம் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று கோபன்ஹேகனில் பிரதமர் தோர்வால்ட் ஸ்டாவ்னிங்கின் வீட்டில் எட்டப்பட்ட கான்ஸ்லர்கேட உடன்பாட்டின்படி, விவசாய ஏற்றுமதியைக் காப்பதற்காக டேனிஷ் குரோனேயின் மதிப்பு குறைக்கப்பட்டது, பவுண்டுக்கு 22.40 என்று நிலைத்தது. சுவீடன் அதே ஆண்டின் நடுவில் பவுண்டுக்கு 19.40 என்று நிறுத்திக்கொண்டது. 19.40-ஐ 22.40-ஆல் வகுத்தால் 0.866. அதாவது, 1933-இன் பிற்பகுதியிலிருந்து 1939 கோடை வரை 100 டேனிஷ் குரோனே என்பது 86.6 சுவீடிஷ் குரோனா.

போருக்குப் பின் டாலர் அளவுகோலாயிற்று. சுவீடனுக்கு 4.20, டென்மார்க்குக்கு 4.80 அளவில் இருந்தபோது குறுக்கு விகிதம் 87.5. 1946 ஜூலையில் சுவீடன் தன் நாணயத்தின் மதிப்பை உயர்த்தி டாலருக்கு 3.60 என்று அறிவித்ததும் அது ஒரே நாளில் 75-ஆக இறங்கியது. 1949 செப்டம்பரில் பவுண்டின் பின்னே இரண்டு நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில், 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல், மதிப்பைக் குறைத்தன, சுவீடன் 5.17321, டென்மார்க் 6.90714. இவ்வளவு பெரிய நிகழ்வு நடந்தும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் 75-இலிருந்து 74.9-க்கு மட்டுமே நகர்ந்தது. டாலரோடு மட்டும் ஒப்பிடுபவருக்குப் பூகம்பமாகத் தெரிந்தது, மால்மோவுக்கும் கோபன்ஹேகனுக்கும் இடையே அசைவாகக்கூடத் தெரியவில்லை என்பதை இந்த ஆண்டு அழகாகக் காட்டுகிறது.

1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டைக் குறைத்தபோது, வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் பிரிட்டனுக்கு விற்றுவந்த டென்மார்க் தானும் 7.9 விழுக்காடு குறைத்து டாலருக்கு 7.50 என்று ஆக்கிக்கொண்டது, சுவீடன் அசையவில்லை. விகிதம் 69-ஆனது. 1971 டிசம்பரில் பெரிய நாடுகள் வாஷிங்டனில் கூடி டாலரின் மதிப்பைத் திருத்திய பின், சுவீடனுக்கு 4.8129, டென்மார்க்குக்கு 6.98 என்று புதிய எண்கள் வந்தன. வகுத்துப் பாருங்கள்: அதே 69 தான்.

மூன்றாம் படி: குறுக்கு விகிதத்தை நீங்களே கணக்கிடுதல்

மேலே பலமுறை செய்த வகுத்தலின் பெயர்தான் குறுக்கு விகிதம். இரண்டு நாணயங்களுக்கும் பொதுவான மூன்றாவது நாணயம் ஒன்றில், ஒரே தேதிக்கு, ஒரே வகை விகிதங்களை எடுத்து, சுவீடிஷ் எண்ணை டேனிஷ் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குவது. 1955-க்கு இப்படி: 5.17321-ஐ 6.90714-ஆல் வகுத்தால் 0.74897; நூறால் பெருக்க 74.90. சுவீடிஷ் எண் மேலே, டேனிஷ் எண் கீழே. தலைகீழாக வைத்தால் 133.5 வரும், அது எதிர்த் திசை.

எந்த மூன்றாவது நாணயம் என்பது காலத்தைப் பொறுத்தது. 1930-களுக்குப் பவுண்டு, 1946 முதல் 1970-களின் தொடக்கம் வரை டாலர், 1999-க்குப் பிறகு யூரோ. இடைப்பட்ட காலத்துக்கு ஜெர்மன் மார்க் மிகவும் பொருத்தம், டாலரையும் பயன்படுத்தலாம்.

நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டிருந்த, போருக்குப் பிந்தைய பிரெட்டன் உட்ஸ் காலத்து எண்கள் அறிவிக்கப்பட்ட சமமதிப்புகள், அதாவது அரசுகள் அறிவித்த டாலர் மதிப்புகள், என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு நாணயமும் அந்த மதிப்புக்கு இருபுறமும் ஒரு விழுக்காடு வரை நகர அனுமதி இருந்தது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருந்தால் குறுக்கு விகிதம் இரண்டு விழுக்காடு வரை விலகியிருக்க முடியும். குடும்ப வரலாற்றுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. ஒரு நிறுவனத்தின் பழைய கணக்குப் புத்தகத்தைச் சரிபார்ப்பவருக்குப் பொருட்டு உண்டு.

மதிப்புக் குறைப்பு விழுக்காட்டைக் கணக்கில் சேர்க்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நாணயம் 10 விழுக்காடு குறைக்கப்பட்டால், அயல்நாணயத்தின் விலை 10 அல்ல, 11.1 விழுக்காடு ஏறுகிறது. ஏனெனில் நூறைத் தொண்ணூறால் வகுக்க வேண்டும். சுவீடன் 1977 ஆகஸ்டில், ஐரோப்பிய நாணயங்கள் சில ஒன்றுக்கொன்று குறுகிய எல்லைக்குள் மட்டுமே நகர்ந்த ‘பாம்பு’ ஏற்பாட்டை விட்டு வெளியேறி, தன் வணிகக் கூட்டாளி நாடுகள் 15-இன் நாணயங்களைக் கொண்ட கூடையோடு குரோனாவைக் கட்டியது. கூடையின் குறியீட்டெண் அப்போது 100. 1981 செப்டம்பரில் 10 விழுக்காடு குறைப்பு வந்தபோது குறியீட்டெண் 111-ஆக வைக்கப்பட்டது. 1982 அக்டோபரில் 16 விழுக்காடு குறைப்பு, 111-ஐ 0.84-ஆல் வகுத்தால் 132. சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க் அறிவித்த எண்ணும் 132-தான். விழுக்காட்டை அப்படியே கூட்டியிருந்தால் 126-இல் போய் நின்றிருப்பீர்கள். எங்கேனும் ஒரு நாட்டின் மதிப்புக் குறைப்பைக் கணக்கிடும்போது, அறிவிக்கப்பட்ட எண்ணோடு உங்கள் விடை பொருந்துகிறதா என்று இதே போலச் சரிபாருங்கள்; பொருந்தினால் முறையைப் புரிந்துகொண்டீர்கள் என்று பொருள்.

நான்காம் படி: 1977 முதல் 1992 வரை, கவனம் கூடுதலாகத் தேவைப்படும் ஆண்டுகள்

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் ‘நிலையான விகிதம்’ வைத்திருந்ததாகத்தான் சொல்லிக்கொண்டன. ஆனால் இரண்டும் வெவ்வேறு தூணில் கட்டப்பட்டிருந்தன. டென்மார்க் 1979 மார்ச் முதல், உறுப்பு நாணயங்களை ஒன்றோடொன்று குறுகிய எல்லைக்குள் கட்டிவைத்த ஐரோப்பிய நாணய அமைப்பில் இருந்தது; 1982 செப்டம்பரில் பதவியேற்ற பவுல் ஷ்லூட்டர் அரசு மதிப்புக் குறைப்புகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பதாக அறிவித்து, நடைமுறையில் ஜெர்மன் மார்க்கைப் பற்றிக்கொண்டது. சுவீடனின் கூடையிலோ டாலருக்கு இரட்டைப் பங்கு இருந்தது.

இதன் விளைவை ஆண்டுச் சராசரிகளில் காணலாம். 1980-இல் டாலருக்குச் சுவீடிஷ் குரோனா 4.23, டேனிஷ் குரோனே 5.64, விகிதம் 75. 1985-இல் 8.60, 10.60, விகிதம் 81. இதுவரை சுவீடனின் இரண்டு குறைப்புகளும் டென்மார்க்கின் சில சிறு குறைப்புகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதன் மிச்சம் என்று விளக்கிவிடலாம். ஆனால் 1990-இல் 5.92, 6.19, விகிதம் 95.6. 1985-க்கும் 1990-க்கும் இடையே சுவீடன் ஒரு முறைகூட மதிப்பைக் குறைக்கவில்லையே, பிறகு எப்படி 81 என்பது 95 ஆனது? 1985-க்குப் பின் டாலர் விழுந்தபோது, டாலர் பாதிப்பு அதிகமாக இருந்த கூடையும் அதோடு மார்க்குக்கு எதிராக இறங்கியது. கூடையோடு குரோனாவும் இறங்கியது. மார்க்கைப் பற்றியிருந்த டேனிஷ் குரோனே மேலே நின்றது. இரண்டு நாணயங்களும் தத்தம் தூணிலிருந்து பெரிதாக விலகவில்லை; தூண்கள் இரண்டும்தான் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தன. புதியவர் ஒருவர் ‘நிலையான விகிதம்’ என்ற சொல்லைப் படித்துவிட்டு 1985-இன் எண்ணை 1990-க்கும் பயன்படுத்தினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பிழை வரும். எந்த நாணயத்துக்கு எதிராக நிலையானது என்று எப்போதும் கேளுங்கள்.

1991 மே 17 அன்று சுவீடன் கூடையை விட்டுவிட்டு, ஐரோப்பிய நாணய அலகான எக்யூவோடு தன்னிச்சையாக இணைந்தது; ஒரு எக்யூ 7.40054 குரோனா. டென்மார்க்கின் மைய விகிதம் 7.84195. வகுத்தால் 94.4. 1992 இலையுதிர் காலத்தில் ஐரோப்பா முழுவதும் நாணயச் சந்தைகள் கொந்தளித்தன. செப்டம்பர் 16 அன்று ரிக்ஸ்பேங்க் தன் உச்ச வட்டியை 500 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. விகிதத்தைக் காப்பாற்ற ஒரு மத்திய வங்கி எந்த எல்லைக்கும் போகும் என்பதற்கு அந்த எண்ணே சான்று. ஆனால் இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று, குரோனா மிதக்க விடப்பட்டது, அதாவது அதன் விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விடப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் 100 டேனிஷ் குரோனேயின் விலை 100 சுவீடிஷ் குரோனாவைத் தாண்டிவிட்டது. 1993-இன் சராசரி 120.

1992-க்கான ஆண்டுச் சராசரி ஒன்றை மட்டும் எடுத்து அந்த ஆண்டு முழுவதற்கும் பயன்படுத்துவது தவறாகப் போகும் காரணம் இதுதான். சராசரி 96-ஐ ஒட்டி நிற்கும். ஜனவரி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை உண்மை விகிதம் அதற்குச் சற்றுக் கீழே, டிசம்பரில் வெகு மேலே. அந்தச் சராசரியில் வருடத்தின் எந்தப் பகுதியிலும் யாரும் பணம் மாற்றியிருக்க மாட்டார்கள் என்றே சொல்லலாம். ஆவணத்தில் தேதி இருந்தால் அந்த நாளுக்கான விகிதத்தையே எடுங்கள்.

ஐந்தாம் படி: 1993-க்குப் பிறகு

இங்கிருந்து வேலை எளிது, தரவும் தாராளம். டென்மார்க் யூரோவைப் பொது வாக்கெடுப்பில் 2000 செப்டம்பரில் நிராகரித்தது, சுவீடன் 2003 செப்டம்பரில் நிராகரித்தது. ஆனால் டென்மார்க் தன் நாணயத்தை யூரோவோடு கட்டிவைத்திருக்கிறது. மைய விகிதம் ஒரு யூரோவுக்கு 7.46038, இருபுறமும் 2.25 விழுக்காடு எல்லை. நடைமுறையில் அந்த எல்லையின் அருகில்கூட அது போவதில்லை.

இந்த 7.46038 எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1987 ஜனவரியில் மார்க்குக்கு எதிரான டேனிஷ் மைய விகிதம் 3.81443 என்று வைக்கப்பட்டது. 1999-இல் ஒரு யூரோ 1.95583 மார்க் என்று நிலைநிறுத்தப்பட்டது. இரண்டையும் பெருக்குங்கள்: 7.46038. பெர்லின் சுவர் விழுந்தது, மார்க் மறைந்தது, யூரோ பிறந்தது. 1987-இன் அந்த எண் இன்றைக்கும் டேனிஷ் விகிதத்துக்குள் உயிரோடு இருக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வசதி கிடைக்கிறது. 1999-க்குப் பிறகு இந்த இணையில் காணும் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ முழுவதும் சுவீடிஷ் குரோனா யூரோவுக்கு எதிராக நகர்ந்ததன் பிம்பம். யூரோவின் சுவீடிஷ் விலையை 7.46-ஆல் வகுத்தால் போதும், சரியான விடைக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். உலக நிதி நெருக்கடியின்போது, 2009 மார்ச்சில், யூரோ 11.5 குரோனாவைத் தாண்டியது. விகிதம் 154-க்கு மேல். 2012 ஆகஸ்டில் யூரோ 8.2-ஐ ஒட்டி இறங்கியது, விகிதம் 110. 2023 செப்டம்பரில் 11.9-ஐ எட்டியது; விகிதம் 159-ஐ ஒட்டி. மால்மோவில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு கோபன்ஹேகனில் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு இந்த மூன்று தேதிகளும் மூன்று வேறு வாழ்க்கைகள்.

தரவை எங்கே எடுப்பது? ஐரோப்பிய மத்திய வங்கி 1999 ஜனவரி 4 முதல் ஒவ்வொரு வேலைநாளும் யூரோவுக்கு எதிரான ஒப்பீட்டு விகிதங்களை வெளியிடுகிறது. இரண்டு நாணயங்களும் ஒரே நேரத்தில் பதிவானவை என்பதால் குறுக்கு விகிதத்துக்கு இதுவே தூய்மையான மூலம். டேனிஷ் தொடர்கள் டென்மார்க் புள்ளிவிவரத் துறையின் ஸ்டாட்டிஸ்டிக்பேங்கன் தளத்திலும், சுவீடிஷ் தொடர்கள் ரிக்ஸ்பேங்க் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். ரிக்ஸ்பேங்க் தன் நாட்டின் நாணய மாற்று வரலாற்றை இடைக்காலத்திலிருந்தே தொகுத்து, 1277-இல் தொடங்கும் ஒரு பெரிய புள்ளிவிவரத் தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது. 1914 முதல் 1924 வரையிலான சந்தை விகிதங்களுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

நாள்வாரித் தொடர்களை ஒட்டும்போது விடுமுறைகள் உங்களை ஏமாற்றும். ஜூன் 5 டென்மார்க்கின் அரசியலமைப்பு நாள், அங்கே வங்கிகள் மூடியிருக்கும். ஜூன் 6 சுவீடனின் தேசிய நாள். 2005 முதல் பொது விடுமுறை. பெந்தெகொஸ்தே திங்கள் டென்மார்க்கில் விடுமுறை, சுவீடனில் 2005 முதல் வேலைநாள். ஈஸ்டருக்குப் பின் நான்காம் வெள்ளியன்று வந்த டென்மார்க்கின் பெரு வேண்டுதல் நாள் 2023 வரை விடுமுறை, 2024-இலிருந்து இல்லை. ஒரு முறை டேனிஷ் கோப்பிலும் சுவீடிஷ் கோப்பிலும் இருந்த நெடுவரிசைகளைத் தேதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். ஜூன் முதல் வாரம் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வரியும் ஒரு நாள் தள்ளிப்போய், திங்கட்கிழமையின் சுவீடிஷ் எண் செவ்வாயின் டேனிஷ் எண்ணோடு நின்றது. எண்கள் நம்பத்தக்கவையாகவே தோன்றியதால் பல நாள் கண்டுபிடிக்கவில்லை. வரிசை எண்ணை நம்பாமல், தேதியை வைத்தே பொருத்தும் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன விடுமுறை நாட்களில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தொடர் தொடர்ந்து வெளியாவதால், இடைவெளியை நிரப்ப அது உதவும்.

சராசரியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு நாள் விகிதம் 100, மறுநாள் 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 112.5. அதே இரண்டு நாட்களையும் எதிர்த் திசையில் எழுதினால் 100, 80, சராசரி 90. ஆனால் 112.5-ஐத் தலைகீழாக்கினால் வருவது 88.9. எனவே ஆண்டுச் சராசரியைத் தலைகீழாக்கி எதிர்த் திசையின் ஆண்டுச் சராசரி என்று எழுதக் கூடாது. அமைதியான ஆண்டுகளில் வேறுபாடு மிகச் சிறிது; 1992 போன்ற ஆண்டில் அது கண்ணுக்குத் தெரியும்.

விகிதம் கிடைத்துவிட்டது என்பதால் அந்த விலையில் யார் வேண்டுமானாலும் பணம் மாற்றியிருக்க முடியும் என்று எண்ணிவிடவும் கூடாது. டென்மார்க் 1932-இலேயே அயல்நாணயக் கட்டுப்பாட்டு அலுவலகம் அமைத்தது. சுவீடனில் போருடன் வந்த கட்டுப்பாடுகள் 1989 வரை பல வடிவங்களில் நீடித்தன. டென்மார்க்கில் 1988-இல்தான் மீதமிருந்தவை நீங்கின. 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை டென்மார்க் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அந்த ஆண்டுகளின் அதிகாரபூர்வ விகிதத்தைக் கணக்குக்கான எண்ணாக மட்டுமே கொள்ளலாம். மத்திய வங்கிகள் வெளியிடுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான விகிதம் என்பதால், சாதாரணப் பயணி கவுண்டரில் பெற்ற தொகை எப்போதும் அதைவிடக் குறைவு.

மேலும், பழைய தொகை ஒன்றின் இன்றைய மதிப்பு வேண்டுமென்றால், முதலில் அந்தக் காலத்து விகிதத்தில் மாற்றி, பிறகு சென்று சேர்ந்த நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணால் இன்றைக்குக் கொண்டுவருவது ஒரு வழி. முதலில் தன் நாட்டிலேயே இன்றைக்குக் கொண்டுவந்து, இன்றைய விகிதத்தில் மாற்றுவது இன்னொரு வழி. இரண்டின் விடையும் ஒன்றாக இராது. பணம் அந்தக் காலத்திலேயே எல்லை கடந்திருந்தால் முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

ஏழாம் படி: குறிப்போடு எழுதி வைத்தல்

விகிதத்தைக் கண்டுபிடித்த அன்றே, அது எப்படி வந்தது என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் அட்டவணையை நீங்களே திறந்தாலும் அந்நியர் எழுதியது போலத்தான் இருக்கும். தேதி, திசை, அலகு, நாள் விகிதமா சராசரியா, அறிவிக்கப்பட்டதா சந்தை விகிதமா, நேரடியா குறுக்கு விகிதமா, எந்த நாணயம் வழியாக என்பவை இருந்தால் போதும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வந்த 1955-க்கான குறிப்பு என் கோப்பில் இப்படி இருக்கிறது: ‘1955; 100 டிகேகே = 74.90 எஸ்இகே, டாலர் வழிக் குறுக்கு விகிதம், 5.17321 வகுத்தல் 6.90714, 1949 செப்டம்பர் முதல் 1967 நவம்பர் வரை இருந்த அறிவிக்கப்பட்ட சமமதிப்புகள், சந்தை விகிதம் இரண்டு விழுக்காடு வரை விலகியிருக்கலாம், இரு நாடுகளிலும் அயல்நாணயக் கட்டுப்பாடு நடப்பில் இருந்தது.’